சேகோ மில் மேடைக்கு ஒரு மெட்ரோ கதவு

நூல் கட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது, மேடையின் விளிம்பு நேராக இல்லை என்று. 42 அடி நீள மேடை. இரண்டு முனையிலும் ஆணி அடித்து நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். நடுவில் விளிம்பு நூலை விட்டு 38 மி.மீ. உள்ளே வாங்கியிருந்தது. டியூப் லெவல் பிடித்தால் கிழக்கு முனையை விட மேற்கு முனை 55 மி.மீ. இறக்கம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது வருடத்துக்கு மேலாக மூட்டை ஏறிய மேடை, அதில் ஒரு கோணலும் யாருக்கும் உறுத்தியதில்லை. கதவு மாட்டப் போகிறவனுக்கு மட்டும் அந்த 38-ம் 55-ம் தூக்கத்தைக் கெடுக்கும்.

இடம் சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் ரோட்டில் என் மனைவியின் தாய்மாமா நடத்தும் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை. பின்பக்கம் ஜவ்வரிசி காயும் களம், முன்பக்கம் லோடு ஏற்றும் மேடை. மேடையில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். மேடை தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி உயரம். கருங்கல் பட்டை விளிம்பு, உள்ளே சுண்ணாம்புக் காரைக் கட்டு. மூன்று லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் பின்னால் வந்து நிற்கலாம்; ஒரு லாரி நிற்கும் இடம் ஒரு வாசல்.

போன மார்கழியில் ராத்திரி லோடு ஏற்றும்போது ஒரு லோடுமேன் மூட்டையைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்திருக்கிறார். லாரி நிற்கிறது என்று நினைத்த இடத்தில் லாரி இல்லை. அது அப்போதுதான் நகர்ந்து அடுத்த வாசலுக்குப் போயிருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த மேடையிலேயே வேலை பார்த்தவர். விளிம்பு எங்கே முடிகிறது என்று அவர் காலுக்கே தெரியும் என்பார்கள். அன்றைக்கு அது உதவவில்லை.

மாமா என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, விளிம்போரமா ஒரு கம்பி வேலி போட்டுக் குடுத்துரு” என்றார்.

“வேலி போட்டா ரெண்டாம் நாளே கழட்டி ஓரமா வெச்சிருவாங்க மாமா. லோடு ஏத்த வழி வேணுமே. லாரி நின்னா மட்டும் திறக்கற மாதிரி கதவுதான் வேணும்” என்றேன்.

யோசிக்காமல் சொன்னதில்லை. சொந்தமாகப் பட்டறை வைப்பதற்கு முன்னால் சென்னை மெட்ரோவின் தரைக்கடி நிலையங்களில் நடைமேடைக் கதவு பொருத்தும் கூட்டத்தில் ஃபிட்டராக இருந்தேன். 2017 மே மாதம் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை தரைக்கடித் தடம் திறந்தபோது பயணிகள் பார்த்த அந்தக் கண்ணாடிக் கதவுகளைத் திறப்புக்கு முன் பலநாள் ராத்திரியில் தட்டித் தட்டி நேராக்கிய ஆட்களில் நானும் ஒருவன். ரயில் வந்து நிற்காமல் கதவு திறக்காது, கதவு மூடிப் பூட்டாமல் ரயில் கிளம்பாது. அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் மாமாவின் மேடையில் நடப்பாக்க வேண்டியிருந்தது.

ஆனால் சென்னையில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. கதவு வரப்போகிறது என்று தெரிந்தே அந்த நிலையங்களைக் கட்டினார்கள். விளிம்பு நேர்க்கோடு, கான்கிரீட் புதுசு, எங்கே போல்ட் வர வேண்டும் என்பது வரைபடத்திலேயே இருந்தது. பழைய நிலையத்தில் கதவு மாட்டுவது வேறு தொழில் என்றே சொல்லலாம். நியூயார்க் சுரங்க ரயில் 1904-ல் தொடங்கியது. அங்கே எல்லா நிலையத்திலும் கதவு போட முடியுமா என்று ஆராய்ந்த அறிக்கை 2022-ல் வெளியானது. மொத்தம் 472 நிலையங்கள், அதில் 128-ல்தான் முடியும் என்றது. கதவு செய்யத் தெரியாமல் இல்லை. மேடையின் விளிம்பு பாரம் தாங்காது, தூண்கள் விளிம்புக்கு மிக அருகில் நிற்கின்றன, மேடை வளைந்து கிடக்கிறது, கதவு வைத்தபின் சக்கர நாற்காலி போக இடம் மிஞ்சாது, ஒரே தடத்தில் ஓடும் ரயில்களுக்கே வாசல்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. இதில் பாதிக்கு மேல் மேடையைப் பற்றிய புகார். நூலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, முதல் கேள்வி: இந்த விளிம்பு எவ்வளவு தாங்கும்?

மூட்டையோடு நாலு பேர் ஒரே நேரத்தில் கதவின் மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 கிலோ, அதுவும் 1.1 மீட்டர் உயரத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டேன். தூணுக்குத் தூண் இரண்டு மீட்டர். அப்படியென்றால் ஒரு தூணின் தலையில் 200 கிலோ. தூணின் அடித்தகடு சின்னதாக, போல்ட்டுகள் ஏழெட்டு அங்குல இடைவெளியில் இருந்தால் பின் போல்ட் ஒவ்வொன்றும் 600 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும்.

கணக்கு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். விளிம்புக் கல்லில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் ஒன்றை அடித்து, மேலே முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கில் தொங்கு தராசை மாட்டி மெதுவாக இழுத்தோம். 100 தாண்டியது, 150 தாண்டியது. 180 கிலோவில் மொரமொரவென்று ஒரு சத்தம். போல்ட் அசையவே இல்லை. கல்லே எழும்பி வந்துவிட்டது. இடுக்கில் விரலை விட்டால் சுண்ணாம்புக் காரை மாவாக உதிர்ந்தது. ஐம்பது வருடம் மூட்டை பிதுங்கி ஊறிய தண்ணீரும் கிழங்கு மாவின் புளிப்பும் சேர்ந்து காரையைத் தின்றிருக்கின்றன. கெமிக்கல் ஆங்கர் போடலாம் என்று உடன் இருந்த மேஸ்திரி சொன்னார். கெமிக்கல் ஆங்கர் போல்ட்டைக் கல்லோடு ஒட்டும். கல்லை மேடையோடு எது ஒட்டும்?

இதை எழுதுவதே அந்த 180 கிலோவுக்காகத்தான். பழைய மேடையில் எதையாவது பொருத்தப் போகிறவர்கள் தயவுசெய்து இழுத்துப் பாருங்கள். போல்ட் பெட்டியில் போட்டிருக்கும் எண் புது கான்கிரீட்டுக்கான எண்.

அதனால் விளிம்பை நம்புவதை விட்டுவிட்டோம். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, ஒரு அடி அகலம் ஒன்பது அங்குல ஆழத்துக்குத் தரையை வெட்டி, 12 மி.மீ. கம்பி நாலு ஓடவிட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு வளையம் கட்டி, கான்கிரீட் பீம் போட்டோம். பின் போல்ட்டுகள் அதில் புதைந்தன. தூணின் அடித்தகட்டை 450 மி.மீ. நீளமாக வைத்தேன். தூண் முன்னால் நிற்கும், தகட்டின் வால் பின்னால் பீமைப் பிடித்துக்கொள்ளும். நெம்புகோல் நீண்டதால் போல்ட் ஒன்றுக்கு இழுப்பு 275 கிலோவாகக் குறைந்தது. முன்பக்கம் கல்லுக்கு வருவது அழுத்தம் மட்டும்தான், அதைக் கல் சுகமாகத் தாங்கும். தகடு கால் தடுக்காமல் இருக்கத் தரைக்குள் இறக்கி மேலே கிரவுட் என்கிற சிமென்ட் கலவை ஊற்றிவிட்டோம்.

சித்திரை வெயிலில் பீமுக்குப் பதினாலு நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டது இடுப்பு முறிந்த அந்த அண்ணனின் மகன். ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை.

வேலை செய்யக் கிடைத்த நேரம் தினமும் காலை ஏழிலிருந்து பகல் மூன்று வரை. மூன்றரைக்கு லாரிகள் வர ஆரம்பித்துவிடும். கிழங்கு வரத்து குறைந்த மாதம்தான், ஆனாலும் மில் ஒரு நாள் கூட நிற்கவில்லை. பழைய மெட்ரோக்களிலும் இதுதான் கஷ்டம். பாரிஸின் முதல் தடம் 1900-ல் திறந்தது. அதன் நிலையங்களில் அரையாள் உயரக் கதவு பொருத்தி, ஓட்டுநரில்லாத ரயிலாக மாற்றும் வேலை 2007-ல் தொடங்கி 2012 முடிவு வரை நடந்தது. பெரும்பாலும் ராத்திரி கடைசி ரயில் போனபின் சில மணி நேரத்தில் செய்த வேலை. பாஸ்டீல் நிலையம் வளைவில் இருக்கிறது. அங்கே விளிம்புக்கு நூல் கட்டியவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஹாங்காங்கில் ஓடிக்கொண்டிருந்த 30 தரைக்கடி நிலையங்களில் கதவு மாட்டினார்கள். அந்தச் செலவுக்காகப் பயணம் ஒன்றுக்கு 10 சென்ட் கூடுதலாக வாங்கினார்கள். மாமாவிடம் அப்படி வசூலிக்க யாரும் இல்லை. மொத்தச் செலவும் அவருடையதுதான். அதனால் மூன்று வாசலில் மேற்கு வாசலை மட்டும் முதலில் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். மற்ற இரண்டுக்கும் இப்போதைக்குச் சங்கிலி.

இறக்கத்தை என்ன செய்வது என்று இரண்டு நாள் குழம்பினேன். 14 அடி வாசலுக்கு 18 மி.மீ. இறக்கம். கதவைத் தரையோடு சேர்த்துச் சாய்வாகவே வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாய்ந்த தண்டவாளத்தில் ஓடும் கதவு கரண்ட் போன நொடியில் தானாகப் பள்ளத்தைப் பார்த்து நகரும். மூடிய கதவு திறந்துகொள்ளலாம். அதனால் வாசல் அளவில் கதவு ரசமட்டத்துக்கு நேராக, அடுத்த வாசல் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்கம் என்று முடிவு செய்தேன். அடித்தகட்டின் கீழ் ஷிம் தகடு வைத்து ஏற்றி இறக்கி ரசமட்டக் குமிழ் நடுவில் வந்து நின்றபோது மணி இரண்டே முக்கால். கீழே முதல் லாரி ஹாரன் அடித்தது.

பலகைகள் எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடு, 1.5 மி.மீ. நம் ஊர் உருக்காலையே எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலைதான். இந்த மில்லின் புளித்த காற்றில் சாதா இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது என்று மேடையின் பழைய ஆங்கிள்களே சாட்சி. ஆர்கான் வெல்டிங் என் பட்டறையிலேயே. ஒரு தவறு செய்தேன். நிலைப் பலகையைக் காலை எட்டு மணிக்கு இறுக்கமாகப் பொருத்தினேன். மதியம் ஒன்றரைக்குக் கதவு உள்ளே போகும்போது உரசிக் கீறிக்கொண்டு போனது. பலகையில் கை வைக்க முடியாத சூடு. 14 அடி ஸ்டெயின்லெஸ் முப்பது டிகிரி சூடேறினால் இரண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக நீளும். நான் விட்டிருந்த இடைவெளி மூன்று, அதிலும் ஒரு பக்கம் ஏற்கெனவே ஒன்று குறைவு. சென்னையில் தரைக்கடியில் வேலை பார்த்தவனுக்கு வெயில் மறந்துவிட்டது. ஒரு முனையை மட்டும் இறுக்கி, மற்ற முனையின் துளைகளை நீள்துளையாக அறுத்து, பலகை நகர வழி விட்டபின் உரசல் நின்றது.

கதவு அரையாள் உயரம், 1.3 மீட்டர். மேலே உத்தரம் கிடையாது, ஏனென்றால் லோடுமேன் தலைமேல் மூட்டையோடு போவார். கீழே தண்டவாளமும் கூடாது. வாசலின் குறுக்கே தரையில் ஒரு சேனல் போட்டால் முதல் நாளே ஜவ்வரிசி அதில் நிரம்பும், இரண்டாம் நாள் ஒருவர் கால் தடுக்கி விழுவார். மெட்ரோவின் அரையாள் கதவுகளிலும் இதே சிக்கலுக்கு ஒரே வழிதான்: கதவின் வாலைப் பக்கத்துப் பலகைக்குள் ஒளித்து, அங்கே மேலும் கீழும் பேரிங் உருளைகளில் பிடித்து, மீதிக் கதவை அந்தரத்தில் நீட்டுவது. வாசலின் திறப்பு 1700 மி.மீ. கதவு இரண்டு, ஒவ்வொன்றும் 880 மி.மீ. நீண்டு வந்து நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு கதவு 34 கிலோ.

அந்தரத்தில் நீளும் எதுவும் தொங்கும். முழுக்க நீட்டியபோது கதவின் மூக்கு 9 மி.மீ. இறங்கியது. உள்ளே ஒளியும் வாலை 450-லிருந்து 700 மி.மீ. ஆக நீட்டினேன், தொங்கல் 4 ஆனது. மிச்ச நாலுக்கு, பின்பக்க மேல் உருளையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கதவு மூக்கைத் தூக்கிக்கொண்டே கிளம்பும்படி வைத்தேன். இப்போது இரண்டு கதவும் நடுவில் சந்திக்கும்போது மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. விரலால் தடவினால் ஒரு காகிதத்தின் வித்தியாசம்தான்.

ஓட்டுவதற்கு ஒரு நகைக் கடையில் கழற்றிப் போட்ட தானியங்கிக் கண்ணாடிக் கதவின் 24 வோல்ட் மோட்டார். பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒரே டைமிங் பெல்ட், அதன் மேல் ஓட்டத்தில் இடது கதவு, கீழ் ஓட்டத்தில் வலது கதவு. பெல்ட் எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டும் எதிரெதிராகத்தான் நகரும். பெல்ட் வாசலைத் தாண்ட வேண்டுமே என்றால், தரைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்க்குள் போகிறது. லாரி பேட்டரி இரண்டு வைத்திருக்கிறோம், கரண்ட் போனாலும் நிற்காது.

மூடும் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்தே தீருவேன் என்று இருந்தேன். ரயில் கதவு, லிஃப்ட் கதவு இவற்றில் மூடும்போது ஆள்மேல் விழும் அழுத்தம் 150 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். நம் கணக்கில் சுமார் 15 கிலோ. கைத்தராசின் கொக்கியைக் கதவின் மூக்கில் மாட்டிப் பிடித்தபோது முதல் நாள் 23 காட்டியது. மோட்டார் கரண்டைக் குறைத்து 11-க்குக் கொண்டுவந்தோம். ஏதாவது தடுத்தால் கதவு உடனே பின்வாங்கி, இரண்டு நொடி நின்று, மறுபடி முயலும். மூன்று முறை முயன்றும் மூட முடியாவிட்டால் திறந்தபடி நின்று மணி அடிக்கும்.

அடுத்தது லாரி. மெட்ரோவில் ரயில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அப்படியும் முன்பின் 300 மி.மீ. விலகலாம் என்று வைத்துத்தான் மேடைக் கதவின் திறப்பை ரயில் வாசலை விட அகலமாகச் செய்கிறார்கள். 1961-ல் லெனின்கிராடில் பார்க் பபேதி நிலையத்தில் உலகிலேயே முதன்முதலாகக் கதவுச் சுவர் கட்டினார்கள். அந்த வகை நிலையங்களுக்கு இன்றைக்கும் அதே இடைவெளியில் வாசல் வைத்த ரயில்தான் வர முடியும். நமக்கு வருவது ஆறு சக்கரம், பத்து சக்கரம், பன்னிரண்டு சக்கரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்ப் பாடி. ஆனால் பின்பக்க வாயின் அகலம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஏழரை அடி. நம் திறப்பு 1700 மி.மீ. அதனால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 290 மி.மீ. வரை தள்ளி நின்றாலும் திறப்பு முழுக்க லாரிக்கு நேராகவே இருக்கும்.

ஒரு வாரம் அளந்து எழுதினேன். வந்த லாரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்த 290-ஐத் தாண்டி நின்றது. ராத்திரி, கண்ணாடியில் பார்த்துப் பின்னால் எடுக்கிற டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு அங்குல ஜி.ஐ. குழாய் இரண்டை கான்கிரீட் நிரப்பி, தரையில் புனல் மாதிரி, வாய் அகலமாகவும் மேடைப் பக்கம் குறுகலாகவும் பதித்தோம். பின் டயர் குழாயில் உரசினால் டிரைவருக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு லாரி கூட 100 மி.மீ.க்கு மேல் விலகி நிற்கவில்லை. இந்த முழு வேலையிலும் விலை குறைந்த சாமான் அந்த இரண்டு குழாய்தான்.

ஜப்பானில் டோக்கியோவின் அசகுசா தடத்தில் இதே மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். பல கம்பெனி ரயில்கள் ஓடும் தடம். எல்லா ரயிலிலும் கதவோடு பேசும் கருவியைப் பொருத்தப் பெரும் செலவு ஆகும் என்பதால், ரயில் வாசல்களில் க்யூஆர் குறியை ஒட்டி, மேடையில் கேமரா வைத்தார்கள். குறி நகர்வதைப் பார்த்து மேடைக் கதவு திறக்கிறது, மூடுகிறது. ஸ்டிக்கரால் முடிந்ததை ஸ்டிக்கரால் முடிப்பது எனக்குப் பிடித்த பொறியியல்.

லாரி வந்துவிட்டதா என்று பார்க்க மேடையின் முகப்பில் இடமும் வலமுமாக இரண்டு லிமிட் ஸ்விட்ச், அதாவது எதாவது வந்து அழுத்தினால் தெரிவிக்கும் ஸ்விட்ச், பழைய டயர் துண்டுக்குப் பின்னால். இரண்டும் அழுந்தினால்தான் லாரி நேராக ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் அழுந்தினால் கோணல், கதவு திறக்காது.

ஆனால் லாரி வந்ததைக் காட்டிலும் லாரி கிளம்புவதுதான் ஆபத்து. அந்த அண்ணன் விழுந்ததும் அப்படித்தான். மெட்ரோவில் எல்லாக் கதவும் மூடிப் பூட்டியாயிற்று என்ற சங்கிலி முழுமையானால்தான் ரயிலுக்கு உத்தரவு. லாரிக்கு யார் உத்தரவு கொடுப்பது? சாவியைப் பிடித்தோம். மேடையில் ஒரு சாவிப் பெட்டி. டிரைவர் லாரிச் சாவியைக் கொண்டுவந்து உள்ளே கொக்கியில் மாட்டிப் பெட்டியை மூடினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்திருக்கும்வரை பெட்டியைச் சோலனாய்டு என்கிற மின்காந்தத் தாழ்ப்பாள் பூட்டிப் பிடித்திருக்கும். இரண்டு கதவும் மூடி, ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் நாலு ஸ்விட்சும் சேர்ந்தால்தான் பெட்டி திறந்து சாவி கைக்கு வரும். சாவி இல்லாமல் லாரி எங்கே போகும்?

பக்கத்து பாலிடெக்னிக்கிலிருந்து மூன்று மாணவர்கள் இதில் உதவினார்கள். அவர்கள் அந்த நாலு ஸ்விட்சையும் தனித்தனியாக, கதவை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சிக்கு இழுத்து, புரோகிராமில் சேர்த்து எழுதியிருந்தார்கள். நன்றாகவே ஓடியது. “சார், நாலும் வந்தா அவுட்புட் ஆன், சிம்பிள்தானே” என்றாள் அவர்களில் ஒரு பெண். ஸ்விட்ச் ஒன்றின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்தேன். கதவு திறந்திருக்கும்போதே அந்த ஸ்விட்ச் மூடியாயிற்று என்று காட்டியது. அப்புறம் அவர்களே உட்கார்ந்து மாற்றினார்கள். நாலு ஸ்விட்சும் வரிசையாக ஒரே வயரில், நேராக ரிலேவுக்கு. பிஎல்சி கதவை ஓட்டும், ஆனால் பெட்டியைத் திறக்கும் அதிகாரம் அந்த வயருக்குத்தான். வயர் அறுந்தாலும் எலி கடித்துத் துண்டித்தாலும் பெட்டி பூட்டியே இருக்கும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் போகும் வயரைத் தனித்தனிக் காப்புக் குழாய்க்குள் இழுத்தார்கள், நான் செய்த மாதிரி முறுக்கிச் சேர்க்க யாருக்கும் எளிதில் வழி இல்லாமல். அன்று ராத்திரி எட்டு மணி வரை அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

கதவுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. லாரியின் வால் இடிக்காமல் இருக்கத் தூணை விளிம்பிலிருந்து 200 மி.மீ. உள்ளே வைத்திருக்கிறோம், அதனால் வந்த இடுக்கு. மெட்ரோவில் பயணி ரயிலுக்கும் மேடைக் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. கதவின் வெளிப்பக்க அடியில் 60 டிகிரி சரிவாகத் தகடு அடித்தேன், அங்கே கால் ஊன்றவே முடியாது. அப்புறம் மேடையின் கடைசியில் செங்குத்தாக ஒரு எல்.ஈ.டி. பட்டை. சீன மெட்ரோக்களில் ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்போது இடுக்கு வழியே அந்த வெளிச்சக் கோடு முழுசாகத் தெரிய வேண்டும், நடுவே மறைந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அதைப் பார்ப்பது மேடை மேஸ்திரி.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். 2016 மே 28 அன்று தென்கொரியாவில் சியோலின் கூயி நிலையத்தில் மேடைக் கதவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த 19 வயதுப் பையன் ரயில் மோதி இறந்தான். ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு பேர் போக வேண்டிய வேலைக்கு அவன் தனியாகப் போயிருந்தான். கதவின் தண்டவாளப் பக்கம் நின்று வேலை செய்யும்போது ரயில் வந்துவிட்டது. ஆட்கள் விழாமல் காக்கப் போட்ட கதவு, அதைப் பழுது பார்க்கப் போனவனைக் காக்கவில்லை. அவன் வயதில் நானும் அப்படிப்பட்ட வேலைகளைத் தனியாகச் செய்திருக்கிறேன். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நான் செய்யும் எந்தக் கதவிலும் ஒரு ஸ்குரூ கூட ஆபத்தான பக்கத்தில் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

அதனால் இந்தக் கதவின் மோட்டார், பெல்ட், உருளை, ஸ்விட்ச், வயர் எல்லாவற்றுக்கும் மூடி மேடைப் பக்கம்தான். மூடியைக் கழற்றினாலே ஒரு ஸ்விட்ச் விடுபட்டு மோட்டாருக்குக் கரண்ட் போகாது. வாசலில் ஏதாவது குறுக்கே இருக்கிறதா என்று ஒளிக்கற்றையால் பார்க்கும் சென்சாரின் லென்ஸ் மட்டும் முதலில் வெளிப்பக்கம் இருந்தது. ஜவ்வரிசி மாவு படிந்தால் துடைக்க வேண்டும், துடைக்க ஒருவர் விளிம்பைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். அதைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து சின்னக் கதவைத் திறந்து துடைக்கிற மாதிரி மாற்றினேன். இரண்டு நாள் வேலை அதிகமானது. மாமா ஏன் தாமதம் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். “நிதானமாவே செய்யி மாப்ள” என்றார்.

மாவு இன்னமும் தொல்லைதான். கண்ணுக்குத் தெரியாமல் பறந்து உருளைகளில் கிரீஸோடு சேர்ந்து பசையாகிறது. கிரீஸை நிறுத்திவிட்டு மூடிய பேரிங் போட்டோம். வாரம் ஒருமுறை ஏர் அடித்தால் போதும் என்று இருக்கிறது. ஈரச் சாக்கின் நுனி தொங்கி ஒளிக்கற்றையை மறைத்துக் கதவு மூடாமல் மணி அடித்தது ஐந்தாறு முறை நடந்தது. கற்றையை 150 மி.மீ. உயர்த்தியபின் குறைந்திருக்கிறது. இன்னும் முழுக்க நிற்கவில்லை.

வைகாசி கடைசியில் கதவை ஓட்டத் தொடங்கினோம். முதல் வாரம் டிரைவர்கள் சாவி கொடுக்கத் தயங்கினார்கள். இரண்டாம் வாரம் ஒரு டிரைவர் லோடு முடிந்ததாக நினைத்துச் சாவிக்கு வந்தார், பெட்டி திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே லாரியில் இரண்டு லோடுமேன்கள் கடைசி மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இடுப்பு முறிந்த அண்ணன் ஆடியில் மேடைக்கு வந்தார், கைத்தடியோடு. மூட்டை தூக்க முடியாது. மாமா அவரைச் சாவிப் பெட்டிக்குப் பொறுப்பாக உட்கார வைத்திருக்கிறார். மூன்று வேளையும் கதவை ஒருமுறை திறந்து மூடி, நாலு ஸ்விட்சின் விளக்கும் எரிகிறதா என்று பார்த்து நோட்டில் டிக் போடுவதும் அவர் வேலை. வந்த முதல் நாள் மூடிய கதவின் மேல் இரண்டு கையையும் வைத்து முழு பலத்தோடு தள்ளிப் பார்த்தார். தூண் அசையவில்லை. “அந்தப் பக்கம் சங்கிலி எப்ப தம்பி போகும்?” என்று கேட்டார்.

நடு வாசலுக்கு நேற்று மறுபடி நூல் கட்டினேன். அந்த 38 மி.மீ. அங்கேதான் இருக்கிறது. இந்த முறை விளிம்புக் கற்களை எடுத்துவிட்டு, பீமையும் விளிம்பையும் ஒரே கான்கிரீட்டாக ஊற்றலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். கல்லை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு போல்ட் அடித்து இழுத்துப் பார்க்கப் போகிறோம்.